படகு ஏறுமுன் கோட்டையைக் காட்டுங்கள்

கெடா மாநிலத்தில் சின்னப் பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர்களே,

சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய், அலோர் ஸ்டார் என்று பல ஊர்களில் இருக்கும் உங்களில் கொஞ்சப் பேர் என்னிடம் படித்தவர்கள். இன்னும் கொஞ்சப் பேர் என்னிடம் படித்தவர்களைக் கட்டிக்கொண்டவர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். கோலக்கெடா கோட்டைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று நான் சொல்லும்போதெல்லாம் உங்களிடமிருந்து ஒரே பதில்தான் வருகிறது: "அங்க என்ன டீச்சர் இருக்கு?"

இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். செங்கல் சுவர் இருக்கிறது, சில இடங்களில் நிமிர்ந்தும் சில இடங்களில் சரிந்தும். ஒரு பழைய வாசல். சில பீரங்கிகள். பின்னாளில் எழுப்பிய ஒரு கலங்கரை விளக்கம், சின்னதாக ஒரு காட்சிக்கூடம். அப்புறம் ஆறு கடலில் சேரும் இடம், சேறு, உப்புக்காற்று, மண்டையைப் பிளக்கும் வெயில். இவ்வளவுதான். உங்களுக்கு இது போதாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் கூட்டிப்போகச் சொல்வது உங்களை இல்லை, உங்கள் ஐந்து வயதுப் பிள்ளையை. அதற்கு இது தாராளம்.

அந்தப் பக்கம் போகிற வேலை உங்களுக்கு இல்லாமலும் இல்லை. பள்ளி விடுமுறை விட்டால் லங்காவிக்குக் கிளம்புகிறீர்கள். விடியுமுன் எழுந்து, பிள்ளைகளைத் தூக்கத்தோடு காரில் போட்டுக்கொண்டு, வழியில் நாசி லெமாக் வாங்கிக்கொண்டு கோலக்கெடா படகுத்துறைக்கு வந்து சேருகிறீர்கள். வண்டி நிறுத்த இடம் தேடி அலைகிறீர்கள். பெட்டி ஒரு கையில், பிள்ளை இடுப்பில், ஓடிப்போய்ப் படகு ஏறுகிறீர்கள். 1987 முதல் லங்காவி வரியில்லாத் தீவு, சாக்லெட்டும் பீங்கான் தட்டும் மலிவு. என் வீட்டு அலமாரியிலும் அந்தத் தட்டுகள் அடுக்கியிருக்கின்றன, நான் ஒன்றும் துறவி இல்லை. ஆனால் அந்தத் துறைக்கு எதிர்க்கரையிலேயே இந்த மாநிலம் தன்னைக் காத்துக்கொள்ளக் கட்டிய கோட்டை நிற்கிறது. எத்தனை வருடமாக அதைக் கடந்து போகிறீர்கள்? ஒருமுறையாவது பிள்ளையின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருக்கிறீர்களா?

இப்போது என் மனக்குறையைச் சொல்கிறேன். பொங்கல் விழா, பள்ளி ஆண்டு விழா, மாறுவேடப் போட்டி என்று மேடை கிடைத்தால் போதும், நம் பிள்ளைகளில் ஒருவனுக்கு அட்டைக் கிரீடமும் ஜிகினா வாளும் கொடுத்து ராஜேந்திர சோழனாக்கிவிடுகிறோம். "கடாரம் கொண்டான்" என்று அவன் கத்த, நாம் கைதட்டுகிறோம். அந்தப் பெயரில் 2019இல் சினிமாவே வந்தது. இந்தப் போட்டிகளுக்கு நடுவராக உட்கார்ந்து நானும் மதிப்பெண் போட்டிருக்கிறேன். குரல் நன்றாக இருந்தது, உச்சரிப்பு சுத்தமாக இருந்தது, போட்டேன். மேடையிலிருந்து இறங்கிய பையனிடம் ஒருநாள் கேட்டேன்: "கடாரம் எங்கய்யா இருக்கு?" "இந்தியாவுல, டீச்சர்." அவன் வீடு செமெலிங்கில் இருக்கிறது. சுங்கை பத்து அகழாய்வு இடம் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

பையனைக் குறை சொல்லி என்ன பயன்? நாம் சொல்லிக்கொடுத்த பெருமை அப்படிப்பட்டது. 1025இல் கடல் தாண்டி வந்த படை கடாரத்தை, அதாவது நம் கெடாவை, அடித்தது, செல்வத்தைக் கொண்டுபோனது, மன்னன் மெய்க்கீர்த்தியில் அதைக் கல்லில் வெட்டிக்கொண்டான். சரி. ஆனால் நாம் எங்கே இருக்கிறோம்? கங்கைகொண்ட சோழபுரத்திலா? அடிவாங்கிய ஊரில் இருக்கிறோம். இந்த மண்ணில் பிறந்து, இந்த ஆற்றுத் தண்ணீரைக் குடித்து, இங்கே வந்து அடித்துவிட்டுப் போனவனின் வெற்றியை மட்டும் பிள்ளைக்கு ஊட்டினால், பக்கத்து மேசையில் உட்காரும் மலாய்க்காரப் பிள்ளையிடம் அவன் அதை எப்படிச் சொல்வான்? சொல்ல முடியாது. அதனால் அது மேடையோடு நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டுக்குக் கோயில் சுற்றுலா போகும்போது கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வண்டி பிடித்துப் போகிறீர்கள். மெர்போக் அருங்காட்சியகத்துக்கு எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்?

நமக்கும் கெடாவுக்கும் உள்ள உறவு ஒரு படையெடுப்போடு முடிந்தது இல்லை. பூம்புகார்த் துறையில் இறங்கிய சரக்குகளைப் பட்டினப்பாலை அடுக்கும்போது அதில் காழகத்துப் பொருளும் வருகிறது. காழகம் என்றால் கடாரம் என்று உரையெழுதியவர் நச்சினார்க்கினியர். கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் கட்டிய புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை எழுதிக்கொடுத்தவன் ராஜராஜன், அதாவது கடாரத்தை அடித்தவனின் தகப்பன். பிறகும் சோழமண்டலக் கரைக்கு இங்கிருந்து யானையும் ஈயமும் போயின, அங்கிருந்து துணி வந்தது. நாகூர், பரங்கிப்பேட்டை வணிகர்கள் இந்த ஆற்றுவாய்க்குள் வந்து போனார்கள். 1786இல் பினாங்கு உருவானபோது, அங்கே முதலில் போய்க் கடை போட்டவர்களில் கெடாவிலிருந்து போன சூலியா வணிகர்களும் இருந்தார்கள். வாளுக்கு முன்பும் பின்பும் வியாபாரம்தான் அதிகம். ஆனால் துணி மூட்டையோடு மேடையேறும் பிள்ளைக்கு யார் பரிசு கொடுக்கிறார்கள்?

இன்னொரு பதிலும் உங்களிடம் இருக்கிறது. வெளிப்படையாகச் சொல்ல மாட்டீர்கள், முகத்தில் தெரியும். "அது அவங்க கோட்டை டீச்சர், நம்மளுதா?" சுல்தான் கட்டியது, மலாய்க்காரர்கள் காத்தது, பள்ளிப் புத்தகத்தில் அவர்கள் வரலாறாக வருவது, நம்மைப் பற்றி அதில் இரண்டு வரிகூட இல்லை, நாம் ஏன் போக வேண்டும் என்பது உங்கள் கேள்வி. இந்தக் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. கித்தாக் காட்டை உண்டாக்கியவர்களின் கதை ஒரு பத்திக்குள் அடங்கிவிடுவதை வருடாவருடம் வகுப்பில் நின்று பார்த்தவள் நான். 2013இல் பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி என்ற பழங்கோயில் இடிபாட்டை வீடமைப்புக்காக இடித்துத் தள்ளிய செய்தி வந்தபோது என் வயிறும் எரிந்தது. ஆனால் அந்த நாட்களில் ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. கூட்டம் போட்டுப் பேசினோம், அறிக்கை விட்டோம், காப்பிக் கடையில் உட்கார்ந்து பொரிந்து தள்ளினோம். இடிபடுமுன் அந்தச் சண்டியை நேரில் பார்த்திருந்தவர் எங்களில் எத்தனை பேர்? பார்க்காத ஒன்றுக்காக எவ்வளவு நாள் அழ முடியும்? கொஞ்ச நாளில் அடங்கிவிட்டோம்.

"அவங்க கோட்டை" என்று ஒதுங்குவதால் அவர்களுக்கு நட்டம் ஒன்றும் இல்லை. நம் பிள்ளைக்குத்தான் தன் மாநிலம் கைவிட்டுப் போகிறது. தாத்தா பால் வெட்டியது இந்த மண்ணில், பாட்டியின் சாம்பல் கரைந்தது இந்த ஆறுகள் ஒன்றில். அந்த உரிமையைக் கேட்க அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய் நின்றால் போதும்.

இடிந்த இடத்தைச் சின்னப் பிள்ளைக்கு எப்படிக் காட்டுவது என்று கேட்கிறீர்களே, உங்களுக்கே நன்றாகத் தெரியும். தீபாவளிக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, பழைய தோட்டத்துச் சாலையில் காரை ஓரங்கட்டுகிறீர்கள். இப்போது அங்கே செம்பனையைத் தவிர ஒன்றும் இல்லை. "இங்கதான் தாத்தா வீடு. அந்த மேட்டுல ஆயாக் கொட்டகை. இந்தப் பக்கம் லயம், பத்து வீடு வரிசையா இருக்கும்." காட்டுவதற்கு உங்களிடம் மிஞ்சியது ஒரு சிமெண்டுத் தரையும், ஒரு கிணற்று வாயும், கோயில் இருந்தால் கோயிலும்தான். பிள்ளை சன்னல் வழியே எட்டிப் பார்க்கிறது, இறங்கி ஓடுகிறது, சிமெண்டுத் தரையில் குதிக்கிறது. நீங்கள் பேசியதில் பாதி அதன் காதில் விழாது. இருந்தாலும் அடுத்த முறை அந்த வழியாகப் போகும்போது, "தாத்தா வீடு!" என்று அதுவே முதலில் கத்துகிறது. லயத்துக்கு இதைச் செய்யத் தெரிந்த உங்களுக்குக் கோட்டைக்கும் செய்யத் தெரியும்.

என் பேரனைக் கூட்டிப்போனேன். பாலர் பள்ளிப் பையன், ஐந்து வயது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோட்டைக்குள் நுழைந்ததும் அவன் பார்த்தது கோட்டையை இல்லை. ஆற்றோரச் சேற்றில் தத்தித் தத்திப் போகும் மீன்கள் இருக்கின்றனவே, மலாய்க்காரர்கள் பெலாச்சாக் என்பார்களே, அவற்றைத்தான். "பாட்டி, மீனு நடக்குது!" அதிலேயே வெகுநேரம் போனது. நானும் அவசரப்படுத்தவில்லை. பிறகு பீரங்கி. அதன் வாய்க்குள் கையை விட்டான், கை முழுக்கப் போனது, தோள்வரை போனது. உள்ளே "ஊ" என்று கூவினான். இரும்பு வெயிலில் காய்ந்து சுட்டது, கையை இழுத்துக்கொண்டான், மறுபடி வைத்தான். அப்புறம்தான் சுவருக்கு வந்தான். ஓரிடத்தில் மேல்பூச்சு உதிர்ந்து செங்கல் வரிசை வெளியே தெரிந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான், பன்னிரண்டு வரை வந்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான். கடைசியில் கேட்டான்: "இவ்ளோ பெரிய சுவரு எதுக்கு?"

அதுவரை நான் ஒரு வருடம்கூடச் சொல்லவில்லை. அப்போதுதான் கதையை எடுத்தேன். கெடா நல்ல பசுமையான நாடு, நெல் நிறைய விளையும். அதன்மேல் பக்கத்து ராஜாக்கள் எல்லாருக்கும் கண். அதனால் சுல்தான் ஆற்று வாசலில் பெரிய செங்கல் சுவர் கட்டினார். ஒருநாள் சயாம்காரர்கள் நிறையப் படகில் வந்தார்கள். சண்டைக்கு வந்தோம் என்று சொல்லவில்லை. "நாங்க பர்மாவோட சண்டை போடப் போறோம், வழிச்செலவுக்கு அரிசி வேணும்" என்றார்கள். இங்கே இருந்தவர்கள் சரி என்று அரிசியை அளந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். அளந்துகொண்டிருக்கும்போதே அவர்கள் வாளை உருவிவிட்டார்கள். பையன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். "அரிசி கேட்டுட்டு அடிச்சாங்களா?" அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. சண்டையைக்கூட மன்னித்துவிடுவான் போலிருந்தது.

உங்களுக்காகக் கொஞ்சம் விவரம் சேர்க்கிறேன். பிள்ளைக்கு இப்போதே வேண்டாம். செங்கல் கோட்டை சுல்தான் அப்துல்லா முக்காராம் ஷா காலத்தில், 1771க்கும் 1780க்கும் இடையில் எழுந்தது. அதற்குச் சற்று முன்புதான் சிலாங்கூர்ப் பூகிஸ் படை இந்த ஆற்றுவாயைத் தாக்கியிருந்தது. இன்னும் முன்னே, 1619இல், ஆச்சே வந்து கெடாவை நாசம் செய்திருந்தது. வடக்கே சயாம். பயத்துக்குக் காரணம் இருந்தது. அதே சுல்தான்தான் 1786இல் பிரான்சிஸ் லைட்டுக்குப் பினாங்கைக் கொடுத்தார், சயாம் வந்தால் லைட்டின் ஆங்கிலேயக் கும்பினி துணைக்கு வரும் என்று நம்பி. 1821 நவம்பர் 12 அன்று சயாம் வந்தது. கும்பினி வரவில்லை. அப்போதைய சுல்தான் அகமது தாஜுடின் பினாங்குக்குத் தப்பிப் போனார், அவர் கெடாவுக்குத் திரும்பியது 1842இல். நடுவில் 1838இல் மலாய்க்காரர்கள் கோட்டையை மீட்டார்கள். பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஆற்றுவாயை அடைத்து நின்று சயாமுக்குத்தான் உதவியது. அந்த முற்றுகையில் ஒரு சிறு பீரங்கிப் படகுக்குத் தலைவனாக இருந்தவன் ஷெரார்டு ஆஸ்பார்ன் என்ற பதினாறு வயதுப் பையன். பிற்காலத்தில், 1857இல், அந்த அனுபவத்தைப் புத்தகமாகவே எழுதினான். எதிர்த்து நின்ற மலாய்க்காரர்களின் மேல் அவனுக்கு மரியாதை வந்துவிட்டது, படித்தால் தெரியும். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் அண்ணன் அக்கா கூட வந்தால் இதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

நம்பிக் கொடுத்த இடத்திலிருந்து உதவி வராமல் போவது எப்படி இருக்கும் என்பதைத் தோட்டத்து ஜனங்களான நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. "அவங்க கோட்டை" என்று நீங்கள் ஒதுக்கிய சுவரில் இந்தக் கதை இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள், இல்லையென்றால் மாலை ஐந்துக்கு மேல். நடுப்பகலில் பிள்ளையை அங்கே நிறுத்தினால் அதற்குக் கோட்டை என்றாலே வெயில் என்றாகிவிடும். தொப்பி, தண்ணீர், கொசு எண்ணெய். காலுக்குச் சப்பாத்து போடுங்கள், ஜப்பான் சிலிப்பர் வேண்டாம். ஆற்றோரத்தில் கையை விடாதீர்கள். சுவர்மேல் ஏற விடாதீர்கள், பழைய செங்கல், சறுக்கினால் பிள்ளைக்கும் ஆபத்து, உதிர்ந்தால் சுவருக்கும் ஆபத்து. பெயர் கீறுகிற பெரிய பிள்ளைகளை நாலு அதட்டு அதட்டுங்கள், என் பெயரைச் சொல்லி அதட்டினாலும் சரி. முக்கியமாக, பாடம் நடத்தாதீர்கள். வாத்தியார் வேலையை வாத்தியார்கள் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளை கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் மீனைப் பார்க்கட்டும். முடித்துவிட்டு லக்சா சாப்பிடுங்கள், தெலுக் கெச்சாய் லக்சாவுக்காகவே அந்தப் பக்கம் வருகிற கூட்டம் உண்டு. உறைப்புத் தாங்காத பிள்ளைக்கு வீட்டிலிருந்தே ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள்.

வானம் தெளிவாக இருக்கும் நாளில் தெற்கே ஜெராய் மலை தெரியும். கடலில் வந்தவர்களுக்கு அதுதான் அடையாளம், காற்றும் கரையும் தெரியாத காலத்திலும் அதைப் பார்த்துத்தான் கப்பலைத் திருப்பினார்கள். சுங்கைப் பட்டாணிப் பிள்ளைகள் தினமும் பார்க்கிற மலைதானே. "நம்ம மலை இங்கிருந்தும் தெரியுது பாரு" என்று காட்டுங்கள். மெர்போக், சுங்கை பத்து எல்லாம் அதன் அடிவாரம். 2009 முதல் சுங்கை பத்துவில் செம்பனைக் காட்டைத் தோண்டி, பழங்காலத்தில் இரும்பு உருக்கிய இடங்களை வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். அடுத்த விடுமுறையில் அங்கே போகலாம். இருக்கிற ஊரைப் பிள்ளை காலால் நடந்து பார்த்த பிறகு கடாரம் என்ற சொல்லைக் கொடுங்கள். அப்போது அந்தச் சொல்லுக்குள் மண் இருக்கும், பீரங்கி இருக்கும், நடக்கிற மீன் இருக்கும். வாளும் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். லங்காவிக்குப் போகிறவர்கள் காலைப் படகுக்குப் பதில் மதியப் படகுக்குச் சீட்டு எடுங்கள். அரை நாள் குறைவதால் சாக்லெட் தீர்ந்துவிடாது. லங்காவிக்குப் போக வசதி இல்லாதவர்கள் கோலக்கெடாவோடு திரும்பினாலும் பிள்ளைக்கு அது குறையாகத் தெரியாது, நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பொறுப்பில் இருக்கும் பெற்றோருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பள்ளிச் சுற்றுலா என்றால் ஆறாம் ஆண்டு முடித்தவர்களுக்குக் கோலாலம்பூர், நீர்க்கேளிக்கைப் பூங்கா என்று ஆகிவிட்டது. முதலாம், இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளைச் சின்னப் பிள்ளைகள், கழிவறைத் தொல்லை, பேருந்தில் வாந்தி என்று விட்டுவிடுகிறீர்கள். அந்த வயதில்தான் போக வேண்டும். கோலாலம்பூர் போகிற செலவில் கால்வாசிகூட ஆகாது. தோட்டப்புறத்துச் சிறிய பள்ளிகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரு பேருந்தை எடுத்தால் தலைக்கு ஆகும் வெள்ளி இன்னும் குறையும். வரும் ஆண்டுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். யாராவது முன்மொழிந்தால் வழிமொழிய ஆள் கிடைப்பார்கள்.

அந்தப் பேருந்தில் பிள்ளைகள் கையில் கொடுக்கத் தமிழில் எட்டுப் பக்கக் கையேடு ஒன்று வேண்டும். பெரிய எழுத்து, சின்ன வாக்கியம். அரிசி கேட்டு வந்த படை, தோள்வரை கையை விழுங்கும் பீரங்கி, எண்ணிப் பார்க்கச் செங்கல். முதல் படியை நானே எழுதித் தருகிறேன், தேதிகளைச் சரிபார்க்க வரலாறு படித்த இளம் ஆசிரியர் ஒருவர் இருந்தால் நல்லது. படம் வரையத் தெரிந்த பெற்றோர் ஒருவரும் கட்டாயம் வேண்டும், நான் பீரங்கி வரைந்தால் போத்தல் மாதிரி வருகிறது. உங்கள் பள்ளியின் ஆண்டுக்கூட்டத்துக்கு முன்னால் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சுங்கைப் பட்டாணி